இத்தாலிப் பனியில் பிரேசில் சிப்பாய்கள்: கணக்குக்குப் போனவர்களா, சண்டைக்குப் போனவர்களா?

மாடத்தெருக் குமரன் (இழையைத் தொடங்கியவர்)

இரண்டாம் உலகப்போர் என்றாலே நாம் நார்மண்டி, ஸ்டாலின்கிராட், கொஹிமா என்று மூன்று ஊரையே சுற்றி வருகிறோம். ஒரு மாறுதலுக்குத் தென் அமெரிக்கா பக்கம் போவோம். ஐரோப்பாவுக்குத் தரைப்படை அனுப்பிச் சண்டை போட்ட ஒரே தென் அமெரிக்க நாடு பிரேசில். மொத்தம் 25,000 பேரை ஒட்டிப் போனார்கள். தளபதி மஸ்கரேன்யாஸ் டி மொராயிஸ். அமெரிக்காவின் 5-வது ராணுவத்தின் கீழ் இத்தாலியில் சண்டை.

முதல் கூட்டம் 1944 ஜூலை 2-ஆம் தேதி ரியோவிலிருந்து ஜெனரல் மான் என்ற அமெரிக்கத் துருப்புக் கப்பலில் கிளம்பியது. சுமார் 5,000 பேர். எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பதே சிப்பாய்களுக்கு ரகசியம். ஜூலை 16-ல் நேப்பிள்ஸ் துறைமுகம். கையில் துப்பாக்கி கிடையாது, ஆயுதமெல்லாம் இத்தாலியில் அமெரிக்கர்கள் தருவதாக ஏற்பாடு. உடுப்போ ஜெர்மன்காரன் சீருடைக்குக் கிட்டத்தட்ட அதே பச்சை. வெறுங்கையோடு வரிசையாக இறங்கி வந்தவர்களைப் பார்த்த நேப்பிள்ஸ் ஜனம், பிடிபட்ட ஜெர்மன் கைதிகள் என்று நினைத்துக் கூச்சல் போட்டு வைதது. நேச நாட்டுப் படைக்குக் கிடைத்த வரவேற்பு இது!

தோள்பட்டைச் சின்னமும் வேடிக்கைதான். மஞ்சள் கட்டத்தில் புகைக்குழாய் பிடிக்கும் ஒரு பச்சைப் பாம்பு. பிரேசில் போருக்குப் போவதற்குள் பாம்பு புகை பிடித்துவிடும் என்று ஊரில் பேசிய கேலியை அவர்களே எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். அந்தக் கேலியைச் சொன்னது ஹிட்லர் என்று இணையத்தில் சுற்றுகிறது. ஆதாரம் யாரும் காட்டியதில்லை, அதை இங்கே யாரும் ஒட்ட வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்கள் சண்டையில் சோடை போகவில்லை. ஊர் திரும்பிய பிறகு சொந்த அரசாங்கம்தான் இவர்களைக் கைகழுவியது. மாற்றுக் கருத்து இருந்தால் வாருங்கள்.

கணக்கப்பிள்ளை

வந்துவிட்டேன். அந்த நேரத்தில் இத்தாலியில் நேச நாடுகளிடம் டிவிஷன் என்ற பெரும் படைப்பிரிவுகள் இருபதை ஒட்டி இருந்தன. போலந்து, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா, நம் இந்திய டிவிஷன்கள் எல்லாம் அதில் சேர்த்தி. பிரேசில் அனுப்பியது ஒன்றே ஒன்று. மூன்று டிவிஷன் அனுப்புவதாகப் பேசி ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். அதுவும் 1944 செப்டம்பரில்தான் முன்னணிக்கே போனது. ரோம் ஜூன் மாதமே விழுந்தாகிவிட்டது. போர் முடிந்த பிறகு பேச்சுவார்த்தை மேசையில் ஒரு நாற்காலி வேண்டும், அதற்காகக் கொடுத்த மொய். வீரத்தைக் குறை சொல்லவில்லை. கணக்கைச் சொல்கிறேன்.

மாடத்தெருக் குமரன்

நாற்காலி ஆசை இருந்தது உண்மை. 1944-ல் ஐ.நா. சபைக்கு வரைவு போட்டபோது பாதுகாப்பு அவையில் பிரேசிலுக்கும் நிரந்தர இடம் தரலாம் என்று ரூஸ்வெல்ட் தரப்பு பேசியது. பிரிட்டனும் சோவியத்தும் ஒப்பவில்லை, அதோடு போயிற்று. ஆனால் போருக்குள் வந்த காரணம் அது மட்டும் என்று சொன்னால் 1942 ஆகஸ்ட் மாதத்தை அப்படியே விட்டுவிடுகிறோம்.

யூ-507 என்ற ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி. பாயியா, செர்ஜிப்பி கடற்கரைகளை ஒட்டி ஆகஸ்ட் 15 தொடங்கிச் சில நாட்களுக்குள் வரிசையாகப் பிரேசில் கப்பல்களைக் கவிழ்த்தது. 600 பேருக்கு மேல் சாவு. பாய்பெண்டி என்ற பயணிகள் கப்பலில் மட்டும் 270 பேர். அதில் வடகிழக்குக்கு மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்த பீரங்கிப்படை சிப்பாய்களும் இருந்தார்கள், குடும்பங்களும் இருந்தன. சடலங்கள் கரை ஒதுங்கியதும் ஊர்கள் கொந்தளித்தன, ஜெர்மன்காரர், இத்தாலியர் கடைகளை உடைத்தார்கள். ரியோவில் மாணவர்கள் தெருவுக்கு வந்து போர் கேட்டார்கள். ஆகஸ்ட் 22-ல் அரசு போர் அறிவித்தது.

கணக்கு கேட்டீர்களே, போர் முழுவதும் பிரேசில் இழந்த கப்பல்கள் 30-க்கு மேல், கடலில் செத்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். இத்தாலியில் செத்ததைவிட இது இரண்டு மடங்கு. அந்த யூ-507 அடுத்த ஜனவரியிலேயே பிரேசில் வடகிழக்குக் கடலில் அமெரிக்க விமானம் போட்ட குண்டில் மொத்த ஆட்களோடு மூழ்கியது.

தேநீர்க்கடை பெஞ்ச்

குமரன் அண்ணே, ஒரு முக்கியமான ஆளை விட்டுட்டீங்க. பிரேசில் அதிபர் வர்காஸ். 1937-ல் நாடாளுமன்றத்தைக் கலைத்து, கட்சிகளைத் தடை செய்து, பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டு உட்கார்ந்த சர்வாதிகாரி. போர் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வருஷம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அமெரிக்கா வோல்ட்டா ரெடோண்டாவில் எஃகு ஆலை கட்டக் கடன் கொடுத்தது. பதிலுக்கு வடகிழக்கு மூலையில் நாட்டால் என்ற ஊரில் விமானத்தளம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், அட்லாண்டிக்கை விமானம் தாண்ட அதைவிடக் குறுகலான இடம் இல்லை. ஆப்பிரிக்காவுக்குப் போன அமெரிக்க விமானங்களில் பெரும்பகுதி அங்கேதான் எண்ணெய் போட்டுக்கொண்டு போனது. 1943 ஜனவரியில் ரூஸ்வெல்ட் காசாபிளாங்காவிலிருந்து திரும்பும் வழியில் நாட்டாலில் இறங்கி வர்காஸைப் பார்த்தார்.

ஆக, வீட்டில் வாயைக் கட்டி வைத்துவிட்டு வெளியூரில் போய் ஜனநாயகத்துக்குச் சண்டை போடு என்று அனுப்பினார் மனுஷன். சிப்பாய் யோசிக்க மாட்டானா?

மாடத்தெருக் குமரன்

யோசித்தார்கள் தம்பி, அதுதான் வர்காஸுக்குத் தலைவலியாகவும் ஆனது. அதைக் கடைசியில் பேசுவோம்.

கணக்கப்பிள்ளை

சரி, சண்டைக்கு வருவோம். மோன்டே காஸ்டெல்லோ. ஆயிரம் மீட்டரைக்கூட எட்டாத ஒரு குன்று. நவம்பர் 24, 25, 29, டிசம்பர் 12 என்று ஏறி ஏறி விழுந்தார்கள். மேலே இருந்தது ஜெர்மன் 232-வது டிவிஷன். வயசாளிகளும் காயம் ஆறி வந்தவர்களும் நிறைய இருந்த படை அது, முதல்தரப் படை ஒன்றும் கிடையாது. பிறகு பிப்ரவரி 21-ல்தான் பிடித்தார்கள். மூன்று மாதம்! இதை வீரகாவியம் என்கிறீர்களே.

ஓய்வு சுபேதார்

பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன், இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மலைக்கு மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு வயசு ஒரு பொருட்டே அல்ல. இயந்திரத் துப்பாக்கி ஒன்று, பங்கர் ஒன்று, சரிவு முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், போதும். ஜெர்மனியின் எம்.ஜி.42 நிமிடத்துக்கு 1,200 ரவுண்டு கக்கும். பிரேசில்காரர்கள் அதற்கு லூர்திஞ்ஞா என்று ஒரு பெண் பெயரை வைத்துக் கூப்பிட்டார்கள். அதை எதிர்த்து ஏறியவர்கள் பலருக்கு ஊரில் கிடைத்த பயிற்சியே அரைகுறை. இரண்டாவது, மூன்றாவது தவணையாக அக்டோபரில் வந்து இறங்கியவர்களுக்கு அமெரிக்க ஆயுதத்தைப் பழகவே நேரம் கிடைக்கவில்லை. நேரே நவம்பர் சேற்றில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அடுத்தது, இடத்தின் அமைப்பு. மோன்டே காஸ்டெல்லோவின் பக்கவாட்டில் மோன்டே பெல்வெடெரே என்று அதைவிட உயரமான மலை. அது ஜெர்மன்காரன் கையில் இருக்கும்வரை கீழே ஏறுகிறவனின் இடுப்பில் சுடலாம். டிசம்பர் 12 தாக்குதலில் மழை, மூடுபனி, விமானம் எழும்ப முடியாது, டாங்கி சேற்றில் நகராது. வெறும் காலாளை மட்டும் அனுப்பினார்கள். ஒரே நாளில் 140 பேருக்கு மேல் விழுந்தார்கள். பிப்ரவரியில் என்ன மாறியது? அமெரிக்காவின் 10-வது மலைப்படை டிவிஷன் வந்து முதலில் பெல்வெடெரேயைப் பிடித்தது. வானம் தெளிந்தது, விமானம் வந்தது. பிரேசில் படை காலையில் கிளம்பிச் சாயங்காலத்துக்குள் உச்சியில் நின்றது. அதே குன்றுதான், ஏறியதும் அதே ஆட்கள்தான். திட்டம் திருந்தியதும் வேலை நடந்தது. நான்கு முறை தோற்றதற்குச் சிப்பாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. செர்க்கியோ பள்ளத்தாக்கில் பார்கா என்று ஒரு சின்ன ஊர். 1944 அக்டோபரில் அதற்குள் நுழைந்தது பிரேசில் படை. பிறகு அவர்களைக் கிழக்கே ரேனோ பள்ளத்தாக்குக்கு மாற்றிவிட்டு அமெரிக்க 92-வது டிவிஷனிடம் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஜெர்மனும் இத்தாலிய பாசிசப் படையும் அங்கே அடித்துப் புகுந்தபோது, ஓட்டையை அடைக்க ஓடி வந்தது நம் 8-வது இந்திய டிவிஷன். இரண்டு மாத இடைவெளியில் ஒரே தெருவில் பிரேசில்காரனும் இந்தியனும் காவல் நின்றிருக்கிறார்கள். இரண்டு நாட்டுப் பாடப்புத்தகத்திலும் இது ஒரு வரிகூட இல்லை.

தேநீர்க்கடை பெஞ்ச்

சுபேதார் ஐயா, சல்யூட். பார்கா விஷயம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

வார்டு நம்பர் 9

நான் செவிலியர். என் கண் எப்போதும் கால் மேலேயே போகும், மன்னிக்கவும்.

அந்தக் குளிர்காலத்தில் பனிக்குழிகளில் நின்ற எல்லாப் படைக்கும் பெரிய எதிரி பாதநோய். நனைந்த பூட்ஸுக்குள் நாள்கணக்கில் கால் ஊறிக் கிடந்தால் ரத்த ஓட்டம் நின்று, மரத்து, வெளுத்து, கறுத்துப் போகும். முற்றினால் விரலை எடுக்க வேண்டும். பனியையே பார்க்காத வெயில் நாட்டு ஆட்கள், இவர்களுக்குத்தான் அதிகம் வந்திருக்கும் என்று நினைப்போம். நடந்தது வேறு. பிரேசில் சிப்பாய்கள் இறுக்கமான தோல் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் பூட்ஸுக்கு மேலே போடக் கொடுத்த பெரிய ரப்பர் உறையை மட்டும் எடுத்து, அதற்குள் வைக்கோலையும் பழைய செய்தித்தாளையும் திணித்து, கம்பளிக் காலுறையோடு காலை விட்டுக்கொண்டார்கள். விரல் அசைய இடம் கிடைத்தது, ஈரத்தைக் காகிதம் குடித்தது. நனைந்தால் எடுத்து எறிந்துவிட்டு வேறு திணிக்கலாம். பக்கத்து அமெரிக்கப் பிரிவுகளைவிட இவர்களிடம் பாதநோய் குறைவு. எந்த மருத்துவக் கையேட்டிலும் இல்லாத வைத்தியம்!

அப்புறம் பெண்கள். தரைப்படையோடு 67 செவிலியர் போனார்கள். பிரேசில் ராணுவத்தில் அதற்கு முன்னால் பெண்களே கிடையாது, இந்தப் போருக்காகத்தான் செவிலியர் பிரிவே தொடங்கினார்கள். இத்தாலியில் அமெரிக்க மருத்துவமனைகளில் வேலை. பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும் அமெரிக்க நர்ஸ் அதிகாரி, தோளில் பட்டை. இவர்களுக்கு ஒரு பதவியும் இல்லை. சாப்பாட்டுக்கூடத்தில் எந்த மேசையில் உட்காருவது என்பதிலேயே தகராறு. கடைசியில் மஸ்கரேன்யாஸ் தலையிட்டு லெப்டினன்ட் பட்டம் போட்டுக்கொள்ளச் சொன்னார். பட்டம்தான், அதற்குரிய சம்பளத்தை யார் கேட்டார்கள்?

கறுப்பு வெள்ளைப் படம்

92-வது டிவிஷன் பெயர் வந்ததால் இதையும் சேர்க்கிறேன். அது அமெரிக்காவின் கறுப்பின டிவிஷன். சிப்பாய் எல்லாம் கறுப்பர், மேலதிகாரிகள் வெள்ளையர். சாப்பாடு, படுக்கை, ரத்த வங்கி எல்லாமே தனித்தனி. பக்கத்திலேயே பிரேசில் படையில் கறுப்பரும், வெள்ளையரும், கலப்பினத்தாரும், ஜப்பானிய வம்சாவளியும், ஜெர்மன் வம்சாவளியும் ஒரே குழியில். எழுதப்பட்ட நிறப் பாகுபாட்டுச் சட்டம் அவர்களிடம் இல்லை.

இதைச் சொல்லிவிட்டுப் பிரேசிலை நிறவெறி இல்லாத நாடு என்று சிலர் தூக்கிப் பிடிப்பார்கள், அதற்கு நான் வரமாட்டேன். அதிகாரிகள் வரிசையைப் பாருங்கள், எல்லாம் வெளுப்பு. ஆனாலும் ஜெர்மன் இனவாதத்தை அழிக்க இனம் பிரித்த படையை அமெரிக்கா அனுப்பியபோது, கலந்து நின்ற ஒரு படை பக்கத்திலேயே வேலை செய்து காட்டியது. அந்த அளவுக்கு அது பெரிய விஷயம்தான்.

யாழ்ப்பாணத்தான்

நல்ல இழை. தென் அமெரிக்கா எண்டால் பிரேசில் மட்டும் இல்லை தானே. அர்ஜென்டீனா 1945 மார்ச் வரைக்கும் நடுநிலை எண்டு சொல்லிக்கொண்டு இருந்தது, கடைசி நேரத்தில்தான் போர் அறிவிச்சது. ஆனால் அங்கே குடியேறின பிரிட்டிஷ் குடும்பங்களில் இருந்து எத்தனையோ பெடியள் தாங்களாகவே கப்பல் ஏறிப் போய் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தவை. பிரிட்டிஷ் விமானப்படையின் 164-ஆம் படைப்பிரிவுக்கு அர்ஜென்டீனா பேரையே சேர்த்து வைச்சவை.

அதிலும் மோரீன் டன்லொப் எண்ட பெண். புவனஸ் அயர்ஸ் பக்கம் பிறந்தவா. இங்கிலாந்துக்குப் போய்த் தொழிற்சாலையில் இருந்து போர் விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிக் கொண்டுபோய்க் குடுக்கிற பிரிவில் சேர்ந்தவா. 1944-ல் விமானத்தில் இருந்து இறங்கித் தலைமயிரை ஒதுக்குற அவாவின்ர படம் பிக்சர் போஸ்ட் பத்திரிகை அட்டையில் வந்து பெரிய பரபரப்பு. ஆராவது தனி இழை திறந்தால் நல்லம், இங்கே குழப்ப விரும்பேல்லை.

கணக்கப்பிள்ளை

யாழ்ப்பாணத்தாருக்கு நன்றி. சுபேதார் சொன்னதில் பாதியை ஏற்கிறேன், மீதிப் பாதி இருக்கிறது. ஃபோர்னோவோவில் ஒரு முழு ஜெர்மன் டிவிஷன் எங்களிடம் சரணடைந்தது என்று பிரேசில்காரர்கள் மார்தட்டுகிறார்கள். தேதி என்ன? 1945 ஏப்ரல் 28, 29. முசோலினியைச் சுட்டுவிட்டார்கள், ஹிட்லருக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் ஆயுசு. இத்தாலியில் ஜெர்மன் படை மொத்தமும் மே 2-ல் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டது. அந்த நேரத்தில் பழம் தானாகவே மடியில் விழுந்திருக்கும்.

மாடத்தெருக் குமரன்

பழம் மடியில் விழவில்லை, ஓடிப் பிடித்தார்கள். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் மோன்டேசே. ஏப்ரல் 14-ல் வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியை நோக்கி நேச நாடுகளின் கடைசிப் பெரும் தாக்குதலில் பிரேசில் பங்குக்கு வந்த ஊர். ஜெர்மன் பீரங்கி அந்தச் சின்ன ஊரைக் குறிவைத்துப் பொழிந்தது. நான்கு நாள் சண்டை, செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சேர்த்து 400-க்கும் மேல். பிரேசில் படை பார்த்த சண்டைகளிலேயே அதிக ரத்தம் சிந்தியது அங்கேதான். அதற்கு இரண்டு நாள் முன்னால் ரோந்துக்குப் போன சார்ஜென்ட் மாக்ஸ் வோல்ஃப் ஃபீல்யோ சுடப்பட்டுச் செத்தார். பரானா மாநிலத்து ஆள், ஆஸ்திரியாவிலிருந்து குடியேறியவரின் மகன். எதிரி வரிசைக்குள் போய் வேவு பார்க்கும் வேலைக்கு எப்போதும் முதலில் கை தூக்குகிறவர்.

மோன்டேசே விழுந்ததும் ஜெர்மன் வரிசை உடைந்து வடக்கே ஓடத் தொடங்கியது. பின்னால் துரத்த வண்டி வேண்டும், காலாட்படையிடம் வண்டி இல்லை. மஸ்கரேன்யாஸ் என்ன செய்தார் என்றால், பீரங்கிகளை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, அவற்றை இழுக்கும் லாரிகளில் காலாட்படையை ஏற்றி அனுப்பினார். அப்படி ஓடியதால்தான் பார்மாவுக்குத் தெற்கே ஃபோர்னோவோ, கொல்லெக்கியோ பக்கம், கடற்கரையிலிருந்து போ ஆற்றை நோக்கிப் பின்வாங்கி வந்த ஜெர்மன் 148-வது டிவிஷனை வழிமறிக்க முடிந்தது. அந்த டிவிஷன் சும்மா வந்து கையைத் தூக்கவில்லை, முதலில் வழியை உடைத்துக்கொண்டு போகப் பார்த்தது. உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் தூது போய்ச் சரணடையச் சொல்லும் கடிதத்தைச் சேர்த்தார். அதன் தளபதி ஜெனரல் ஓட்டோ ஃப்ரெட்டர்-பிக்கோவும், கூடவே இத்தாலிய பாசிச டிவிஷன் ஒன்றின் மிச்சமும் சரணடைந்தார்கள். எல்லாம் சேர்த்து 15,000 பேரை ஒட்டி, 4,000 குதிரைகளோடு. கைதிகள் வந்து முடிய ஒரு நாளுக்கு மேல் பிடித்தது.

அவர்கள் தப்பிப் போயிருந்தாலும் மே 2-ல் போர் முடிந்திருக்கும், சரி. அதே வாதத்தை வைத்தால் ஏப்ரலில் இத்தாலியில் சண்டை போட்ட எந்தப் படைக்கும் பேரில்லை, நம் 8-வது டிவிஷன் செனியோ ஆற்றைக் கடந்ததும் வீண்தான். அதற்குச் சம்மதமா?

கணக்கப்பிள்ளை

செனியோவை இதில் இழுக்காதீர்கள். லாரி விஷயம் நல்ல சமயோசிதம், அதை எழுதிக்கொண்டேன்.

தேநீர்க்கடை பெஞ்ச்

மூன்று பிரேசில் சிப்பாய்கள் சரணடைய மாட்டோம் என்று கடைசித் தோட்டா வரை சுட்டுச் செத்தார்களாம், ஜெர்மன்காரர்களே புதைத்து "மூன்று பிரேசில் வீரர்கள்" என்று சிலுவை நட்டார்களாம். யூடியூபில் பார்த்துச் சிலிர்த்துப் போச்சு. உண்மையா அண்ணே?

மாடத்தெருக் குமரன்

அந்த மூன்று பேரும் மோன்டேசேயில் செத்தது உண்மை. மூவரும் பிரேசிலில் சான் ஜுவாவ் டெல் ரேய் என்ற ஊரைத் தளமாகக் கொண்ட 11-வது ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு நினைவுச்சின்னமும் உண்டு. சிலுவைக் கதையில்தான் சிக்கல். அப்படி ஒரு சிலுவை, சில மாதம் முன்னால் வேறு இடத்தில் விழுந்த வேறு மூவருக்கு நட்டது, இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது என்று பிரேசில் ஆய்வாளர்கள் சிலரே சொல்கிறார்கள். யூடியூப் பின்னணி இசைக்குக் கதை நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு மனதில் நிற்பது வேறொரு சாவு. அதே ரெஜிமென்ட்டின் பாதிரியார் ஃப்ரே ஒர்லாண்டோ. பிப்ரவரி 20, மோன்டே காஸ்டெல்லோ விழுவதற்கு முந்தைய நாள். முன்வரிசைச் சிப்பாய்களைப் பார்க்க ஜீப்பில் போகிறார். பாதையில் ஒரு கல் சிக்கி வண்டி நின்றுவிடுகிறது. கூட வந்த இத்தாலியப் போராளி துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டையால் கல்லைக் குத்தித் தள்ளுகிறார். அதிர்ச்சியில் துப்பாக்கி வெடித்து, குண்டு நேரே பாதிரியார் மேல். எதிரி இல்லை, சண்டை இல்லை. போரில் இப்படியும் சாகிறார்கள், இதற்கு யாரும் காணொளி போடுவதில்லை.

ஜெட் லேக்

தரைப்படையையே பேசுகிறீர்கள். விமானப்படைக்கு ஒரு பத்தி கொடுங்கள். பிரேசிலின் முதல் போர் விமானக் குழு 1944 அக்டோபரில் லிவோர்னோவில் இறங்கியது. ஓட்டியது பி-47 தண்டர்போல்ட் என்ற அமெரிக்கப் போர் விமானம், தளபதி நேரோ மோரா, சின்னம் சண்டைக்குக் கிளம்பிய நெருப்புக்கோழி. பாலம், ரயில், லாரி வரிசை என்று தாழப் பறந்து அடிக்கும் வேலை, ஆகவே கீழிருந்து வரும் சூட்டில் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். மாற்று விமானிகள் போதுமான அளவு வரவில்லை, இருப்பவரே திரும்பத் திரும்பப் பறந்தார்கள். 1945 ஏப்ரல் 22-ல் ஒரே நாளில் 44 பறப்பு. பிரேசிலில் இன்றும் அந்தத் தேதிதான் போர் விமானப் பிரிவு தினம். 1986-ல் அமெரிக்க அதிபரின் படைப்பிரிவு விருதைக் கொடுத்தார்கள், அமெரிக்கர் அல்லாத பிரிவுகளுக்கு அபூர்வமாகக் கிடைப்பது.

கிள்ளான் வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் இத்தாலியிலேயே நிற்கிறீங்க. பிரேசிலின் இன்னொரு படையைப் பற்றி யாரும் பேசலையே. ரப்பர் சிப்பாய்கள். அதற்குக் காரணமே எங்க ஊர்தான்.

அமெரிக்காவுக்குத் தேவையான இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு மலாயாவிலிருந்தும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் போய்க்கொண்டிருந்தது. 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் குழாய் அடைபட்டது. டயர் இல்லாமல் லாரி ஓடாது, விமானம் இறங்காது. உடனே அமெரிக்கா பிரேசிலோடு ஒப்பந்தம் போட்டது, அமேசான் காட்டு மரத்தில் பால் எடுத்துக் கொடு என்று. அந்த வருஷம் பிரேசில் வடகிழக்கில் சியாரா மாநிலத்துப் பக்கம் கடும் பஞ்சம். அங்கிருந்து பிடித்தார்கள் ஆட்களை, 50,000-க்கும் மேல். இத்தாலிக்குப் போகிறாயா, காட்டுக்குப் போகிறாயா என்று கேட்டால் பலரும் காட்டைத்தான் எடுத்தார்கள். சுவரொட்டியில் சிரித்துக்கொண்டே மரம் சீவும் ஆட்கள், பீப்பாய் பீப்பாயாகப் பால்.

உள்ளே போனால் என்ன நடந்தது? அரிசி, கத்தி, மருந்து, படகுக் கூலி எல்லாம் முதலாளி கடன் கணக்கில். எடுத்த ரப்பருக்கு அவன் வைத்ததே விலை. கடன் தீராமல் வெளியே போக முடியாது. எங்க தோட்டங்களில் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்து கணக்கு நோட்டில் கட்டிப் போட்ட அதே வித்தை. மலேரியா, மஞ்சள் காய்ச்சல், பாம்பு. எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் ஒழுங்காக எண்ணவே இல்லை, பாதிப் பேர் திரும்பவில்லை என்று வரைக்கும் சொல்கிறார்கள். இத்தாலியில் செத்தவர்கள் 460-ஐ ஒட்டி. கணக்கப்பிள்ளை ஐயா, இதையும் கணக்கில் சேருங்க.

அதே வருஷங்களில் இந்தப் பக்கம் ரப்பர் விற்க வழியில்லாமல் தோட்டங்கள் படுத்துவிட்டன, எங்க ஆட்களை ஜப்பான்காரன் சயாம் மரண ரயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனான். அமேசான் காட்டில் ஒருத்தன் மரம் சீவிச் செத்தான், இங்கே மரம் சீவினவன் தண்டவாளம் போட்டுச் செத்தான்.

யாழ்ப்பாணத்தான்

அந்த மரமே பிரேசிலில் இருந்து வந்தது தானே. 1876-ல் விக்கம் எண்ட ஆங்கிலேயன் 70,000 விதையளை அமேசானில் இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தவன். முளைச்ச கன்றுகளில் பெரும்பாலானதை எங்கட இலங்கைக்குத்தான் அனுப்பினவை, கம்பஹா பக்கம் ஹெனரத்கொடையில் நட்டவை. மலாயாவுக்கு அதுக்குப் பிறகுதான் பரவினது.

கணக்கப்பிள்ளை

கிள்ளான் நண்பரே, சேர்த்தாயிற்று. இது என் வாதத்துக்கே வலு. பிரேசில் போருக்குக் கொடுத்த பெரிய பங்கு நாட்டால் தளமும் அமேசான் ரப்பரும். இத்தாலிப் படை அதற்கு மேலே கட்டிய தோரணம். செத்ததும் அதிகம் காட்டில்தான்.

வார்டு நம்பர் 9

தோரணம் என்று சொல்லிவிட்டால் வைக்கோல் திணித்த கால்கள் பொய்யாகிவிடுமா? செலவில் சின்னது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

தேநீர்க்கடை பெஞ்ச்

குமரன் அண்ணே, கடைசியில் பேசுவோம் என்றீர்களே, கைகழுவிய கதை?

மாடத்தெருக் குமரன்

சொல்கிறேன். 1945 ஜூலை 18-ல் முதல் கூட்டம் ரியோ திரும்பியது. தெரு கொள்ளாத ஜனம், பூமாரி. ஆனால் கப்பல் கரை சேரும் முன்பே, படை இத்தாலியில் இருக்கும்போதே, அதைக் கலைக்கும் உத்தரவு போட்டாகிவிட்டது. சர்வாதிகாரிகளை வீழ்த்திவிட்டு வரும் 25,000 பேர் ஒன்றாக ஆயுதத்தோடு நாட்டில் இருப்பது வர்காஸுக்குப் பிடிக்குமா? பதக்கத்தைக் குத்திக்கொண்டு சீருடையில் ஊர் சுற்றக் கூடாது என்று கட்டுப்பாடு வேறு. அவனவன் கிராமத்துக்குக் கலைந்து போனான். வேலை இல்லை, மனநோய்க்கு வைத்தியம் இல்லை. இத்தனை முன்ஜாக்கிரதையும் வர்காஸைக் காப்பாற்றவில்லை, அக்டோபர் 29-ல் அவருடைய ஜெனரல்களே இறக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், போர் அமைச்சராக இருந்த துத்ரா, டிசம்பர் தேர்தலில் ஜெயித்து அதிபரும் ஆனார்.

திரும்பி வந்த எல்லாருமே ஜனநாயகக் காவலர் என்றும் சொல்ல மாட்டேன். இத்தாலியில் தாக்குதல் திட்டம் போட்ட லெப்டினன்ட் கர்னல் காஸ்டெலோ பிராங்கோதான் 1964 ராணுவப் புரட்சிக்குப் பிறகு முதல் ராணுவ அதிபராக உட்கார்ந்தார். அந்த ஆட்சி 1985 வரை நீண்டது.

சாதாரணச் சிப்பாய்க்கு ஒழுங்கான ஓய்வூதியம் 1988 அரசியல் சட்டத்தில்தான் வந்தது, இரண்டாம் லெப்டினன்ட் அளவுக்கு. போய் வந்து 43 வருஷம் கழித்து. அதே சட்டத்தில் அடுத்த பிரிவிலேயே ரப்பர் சிப்பாய்க்கும் ஒரு வரி எழுதினார்கள், ஏழையாக இருந்தால் மாதம் இரண்டு குறைந்தபட்சக் கூலி. 2014-ல் ஒரு திருத்தம் போட்டு, உயிரோடு மிஞ்சியவர்களுக்கு ஒரே தவணையாகப் பிரேசில் நாணயத்தில் 25,000 ரெயால். இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கணக்கப்பிள்ளையின் தோரணத்துக்கு அரசாங்கம் கொடுத்த விலை மரத்துக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

கணக்கப்பிள்ளை

அதைத்தானே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கண்ணில் படுவதற்குத்தான் காசு.

ஓய்வு சுபேதார்

43 வருஷம் காத்திருந்து வாங்கியதைக் காசு என்று சொல்லாதீர்கள் ஐயா. பாதிப் பேர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இத்தாலி போகிறவர்கள் யாராவது இருந்தால் ஃப்ளாரன்ஸிலிருந்து ரயிலில் பிஸ்டோயா இறங்குங்கள், அரை நாள் போதும். செத்தவர்களை முதலில் புதைத்தது அங்கேதான். 1960-ல் எலும்புகளை எடுத்து ரியோ கடற்கரை நினைவிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு 1967-ல் பெயர் தெரியாத ஒருவரின் எலும்பு கிடைத்து, அவரை அங்கேயே வைத்துவிட்டார்கள்.

ஜெட் லேக்

அடுத்த மே மாதம் போலோனியா போகும் வேலை இருக்கிறது ஐயா. அங்கிருந்து மோன்டேசேக்கு பஸ் கிடைக்குமா, வாடகைக் கார்தானா?

ஓய்வு சுபேதார்

கார் எடுங்கள். மலைப்பாதை, பஸ்ஸை நம்பினால் மதியம் போய் இரவுதான் திரும்ப முடியும். ஊரின் பழைய கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது, திறக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.